"மகன் உயிரோடிருக்கும் தாய்": கௌதமி பாலஸ்ரீ கல்லில் எழுதிய வெற்றி மடல்

வைட்ஃபீல்டில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் சில நாட்களாக ஒரு கடிதம் சுற்றி வருகிறது. போரில் வென்ற மகனுக்கு அரசமாதா ஒருத்தி எழுதிய மடல் என்ற முன்குறிப்போடு அது வந்தது. சகர்களை வென்ற சாதவாகனப் பேரரசன் கௌதமிபுத்திர சாதகர்ணிக்கு, அவன் தாய் கௌதமி பாலஸ்ரீ எழுதியதாம். உருக்கமான நடை. குழுவில் பலரும் கைகூப்பிக் கண்ணீர் வடித்திருந்தார்கள்.

எதிர் வீட்டில் ஆந்திரத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் வசிக்கிறார். அவருடைய ஒரே மகன் இராணுவத்தில், எல்லைப் பகுதியில் பணிபுரிகிறார். அந்த அம்மையார் கைப்பேசியை நீட்டி, "நீங்கள் கல்வெட்டு படிக்கிறவராயிற்றே, இது உண்மையிலேயே அந்தத் தாய் எழுதியதுதானா?" என்று கேட்டார். 2017-இல் வெளிவந்த தெலுங்குத் திரைப்படத்தில் ஹேமமாலினி ஏற்று நடித்த பாலஸ்ரீயை அவர் நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

அப்படியொரு கடிதம் இல்லை என்றேன். அவர் முகம் வாடியது. ஆனால் அந்தத் தாய் உண்மையாகவே எழுதியது ஒன்று உண்டு என்றும், அது பத்தொன்பது நூற்றாண்டுகளாகப் பாறையில் அழியாமல் இருக்கிறது என்றும் சொன்னேன். அன்று நின்றபடியே சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. போரையொட்டி அரசமாதர் தம் மக்களோடு பேசிய செய்திகள் நம் மரபில் பெரும்பாலும் போருக்கு முந்தியவை. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் குந்தி, தூது வந்த கண்ணன் வழியாகத் தன் மக்களுக்குச் செய்தி அனுப்புகிறாள். தோற்றுத் திரும்பி வந்து படுத்துக்கிடந்த மகனை விதுலை என்னும் அரசி எழுப்பிய கதையைச் சொல்லச் சொல்கிறாள். அது போருக்கு ஏவும் குரல்.

பிறநாடுகளில் புகழ்பெற்ற மடல் ஒன்று தோல்வியைப் பற்றியது. 1525-இல் பவியா போர்க்களத்தில் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவா, தன் தாய் சவோய் லூயிக்குத் தோல்வியைத் தெரிவித்து எழுதினான். மகன் சிறையிலிருந்தபோது நாட்டை நடத்தியவள் அந்தத் தாய். 1529-இல் காம்ப்ரே நகரில் எதிர்த்தரப்பின் சார்பில் வந்த ஆஸ்திரிய மார்கரெட்டோடு அமர்ந்து உடன்படிக்கை செய்தவளும் அவளே. இரு பெண்கள் பேசி முடித்ததால் அதற்குப் 'பெண்டிர் அமைதி' என்றே பெயர் வந்தது.

போர் முடிந்து, வெற்றியும் கிடைத்த பின் ஓர் அரசமாதா என்ன சொல்வாள்? அதற்கு நேரான சான்று நாசிக்கில் இருக்கிறது.

மலையும் மடல்களும்

நாசிக் நகருக்குத் தெற்கே, மும்பை செல்லும் பெருவழியை ஒட்டி ஒரு குன்று. மக்கள் வழக்கில் பாண்டவ லேணி. கல்வெட்டுகளில் அதன் பெயர் திரண்ஹு, வடமொழியில் திரிரச்மி. பௌத்தத் துறவிகளுக்காகக் குடைந்த 24 குகைகள் அங்கே உள்ளன. மூன்றாம் குகையின் முகப்பை வலிய பூத உருவங்கள் தோளில் தாங்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குகையின் முகமண்டபச் சுவர்களில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அமைந்த பொறிப்புகளுள் மூன்று நமக்கு வேண்டியவை. அவற்றைக் கால வரிசையில் படிக்க வேண்டும்.

முதலாவது கௌதமிபுத்திரனின் 18-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அது வெற்றிப் பாசறையிலிருந்து புறப்பட்ட ஆணை. பாசறையோடு சேர்த்துக் குறிப்பிடப்படும் பெயர் வைஜயந்தி. இன்றைய கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்திலுள்ள பனவாசிக்கு வைஜயந்தி என்ற பழம்பெயர் உண்டு என்பதால் அறிஞர் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பர். அந்தச் சொல்லைப் படையின் அடைமொழியாகக் கொள்வோரும் உளர். ஆணை கோவர்த்தன வட்டாரத்தின் அமாத்தியன் விஷ்ணுபாலிதனுக்குச் செல்கிறது. மேற்குக் ககடி என்னும் ஊரில் இதுவரை உஷவதாதன் துய்த்துவந்த 200 நிவர்த்தன நிலம் இனித் துறவிகளுக்கு உரியது என்பதே செய்தி.

உஷவதாதன் யார்? சக மரபில் க்ஷகராத குடியைச் சேர்ந்த க்ஷத்திரபன் நகபானனின் மருமகன். அவனும் அவன் மனைவி தக்ஷமித்திரையும் அதே குன்றில் பத்தாம் குகையைக் கொடையளித்தவர்கள். அவன் அந்தணர்க்கும் துறவியர்க்கும் அளித்த கொடைகளின் நெடும்பட்டியல் அங்கே இன்றும் இருக்கிறது. ஆக, போரில் வீழ்ந்த குடும்பம் கொடைத்தன்மை அற்ற குடும்பமன்று. வென்றவனும் அவர்கள் குகையை இடிக்கவில்லை. அதே குன்றில், அதே துறவியர் சமூகத்துக்கு, பழைய ஆட்சியாளர் துய்த்த நிலத்தை மாற்றி எழுதினான். அந்த வட்டாரத்தில் ஆட்சி மாறியதைக் காட்டும் முதல் ஏடு ஒரு நிலப்பத்திரம்.

வெற்றிக்கு இன்னொரு சான்று மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1906-இல் நாசிக்கை அடுத்த ஜோகல்தெம்பியில் ஏறத்தாழ 13,250 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. எல்லாம் நகபானனின் காசுகள். அவற்றில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின்மீது கௌதமிபுத்திரனின் முத்திரை மறுபடியும் அடிக்கப்பட்டிருந்தது. பகைவனின் முகத்தின் மேலேயே தன் சின்னத்தைப் பதித்துக் காசைத் தொடர்ந்து புழங்கவிட்டிருக்கிறான். கல்வெட்டு சொல்லும் வெற்றியை ஐயமற உறுதிப்படுத்தும் சான்று இது.

தாயின் பெயரால் ஒரு நலம் விசாரிப்பு

இரண்டாவது பொறிப்பு ஆறாண்டுகளுக்குப் பின், 24-ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. முதலாவதன் தொடர்ச்சியாகவே வெட்டப்பட்டது. கோவர்த்தனத்தில் இப்போது அமாத்தியன் வேறொருவன். சாமகன் என்பது அவன் பெயர். இங்கே ஆணையிடுவோர் இருவர். ஒருவர் மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி. மற்றவர் அவன் தாயாகிய மாதேவி. இருவர் சொல்லாலும் சாமகனிடம் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பிறகு செய்தியைச் சொல்ல வேண்டும் என்று தொடங்குகிறது. நலம், நலமறிய ஆவல் என்று நம் பாட்டன்மார் அஞ்சலட்டையில் தொடங்கிய அதே முறை. இது நடப்பில் அனுப்பப்பட்ட அரச மடல்; பின்னர் கல்லில் ஏறியது.

செய்தி இதுதான். நாம் முன்பு ககடி ஊரில் துறவிகளுக்குக் கொடுத்த நிலம் உழப்படவில்லை. அந்த ஊரிலும் குடியில்லை. ஆகவே நகர எல்லையில் நமக்குரிய அரச நிலத்திலிருந்து 100 நிவர்த்தனம் அவர்களுக்குக் கொடுக்கிறோம். அந்த நிலத்துக்குள் அதிகாரிகள் நுழையக்கூடாது; உப்புக்காகத் தோண்டக்கூடாது; எல்லா விலக்குரிமைகளும் அதற்கு உண்டு.

இந்தச் சில வரிகளில் போரின் மறுபக்கம் தெரிகிறது. வெற்றிப் பாசறையிலிருந்து வழங்கிய நிலம் ஆறாண்டு கழிந்து தரிசாகக் கிடக்கிறது. ஊரில் மக்கள் இல்லை. காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் இரு பேரரசுகள் மோதிய எல்லை வட்டாரம் அது என்பதை நினைவில் கொண்டால், வெறுமையான அந்த ஊரைப் போரோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. வெற்றியைப் பாடாமல், வெற்றிக்குப் பின் எது விளையவில்லை என்று கணக்கெடுத்து ஈடு செய்யும் ஆணை இது. தாயின் குரல் அரசாங்க ஏட்டில் ஏறிய முதல் இடமும் இதுவே.

இந்த ஆணையில் மற்றொரு பெண்ணின் பெயரும் உண்டு. லோடா என்னும் வாயிற்காவல் பெண் இந்த ஏட்டை முறைப்படுத்தித் தந்ததாகப் பொறிப்பு குறிக்கிறது. மன்னன் நோயுற்றிருந்தான், அதனால் தாய் ஆட்சிப் பொறுப்பில் பங்கேற்றாள் என்று ஊகித்தோர் உண்டு. ஊகம் எதுவாயினும், ஆணை அரண்மனையின் உள்ளிடத்திலிருந்து பெண்களின் கை வழியாக வெளிவந்தது என்பது தெளிவு.

நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான சொல் இங்கேதான் வருகிறது. மன்னனின் தாயைக் குறிக்கும்போது பொறிப்பு அவளுக்கு ஓர் அடைமொழி தருகிறது: ஜீவசுதா. மகன் உயிரோடிருப்பவள் என்பது அதன் பொருள். மாதேவி, அரசமாதா என்பன பதவிப் பெயர்கள். ஜீவசுதா பதவியன்று, பேறு. சுமங்கலி என்பதுபோல வாழ்த்தும் வழக்குமாக அமைந்த மங்கலச் சொல் என்று அதைக் கடந்து செல்லலாம். ஆனால் போர்களை நடத்தும் அரசன் ஒருவனின் தாய்க்கு அந்தச் சொல் வெறும் வழக்காக இருந்திருக்குமா?

கல்லில் ஏறிய மடல்

மூன்றாவது பொறிப்பே உலகறிந்தது. கௌதமிபுத்திரனின் மகன் வாசிஷ்டிபுத்திர புலுமாவியின் 19-ஆம் ஆட்சியாண்டில், பாலஸ்ரீ தன் பெயரால் வெட்டுவித்தது. எமில் செனார் போன்ற கல்வெட்டறிஞர் முயன்று படித்துத் தந்த இந்தப் பொறிப்பு இல்லையென்றால், கௌதமிபுத்திரனைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இல்லை. ஒரு பேரரசனின் வரலாற்றுக்கு முதன்மை ஆவணம் அவன் தாய் எழுதியது. இந்திய வரலாற்றில் இது மிக அரிய நிலை.

அவள் என்ன சொல்கிறாள்? அவள் மகன் க்ஷத்திரியரின் செருக்கை அடக்கியவன். சகர், யவனர், பகலவர் ஆகியோரை அழித்தவன். க்ஷகராத குடியை எச்சமின்றி வேரறுத்தவன். சாதவாகன குலத்தின் புகழை மீண்டும் நிலைநாட்டியவன். அவன் படையின் ஊர்திகள் மூன்று கடலின் நீரையும் பருகின. அசிகம், அசகம், மூலகம், சுராஷ்டிரம், குகுரம், அபராந்தம், அனூபம், விதர்ப்பம், ஆகரம், அவந்தி என்று பத்து நாடுகளை அடுக்குகிறாள். விந்தியம், சையம் தொடங்கி மலயம், மகேந்திரம் வரை மலைகளை அடுக்குகிறாள். மலயம் நம் பொதியில். சாதவாகனர் தமிழ்நாட்டை ஆண்டதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. நான்கு திசையையும் வென்றதாகச் சொல்லும் புகழ்மொழி மரபு அது.

இவ்வளவும் எந்த மெய்க்கீர்த்தியிலும் வரக்கூடியவை. தாயின் கை தெரிவது இவற்றுக்கு இடையே. அவன் முகம் கதிரவனால் மலர்ந்த தாமரை போன்றது, முழுமதி போல் அழகியது என்கிறாள். நடையைச் சொல்கிறாள், தோளைச் சொல்கிறாள். அஞ்சி வந்தவர்க்கு அபயம் தரும் நீரை வார்த்து வார்த்து அவன் கை ஈரமாகவே இருந்தது என்கிறாள். குடிமக்களின் இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையவையாகக் கொண்டான். அறநெறிப்படி மட்டுமே வரி வாங்கினான். உயர்ந்தோர் குடும்பங்களோடு எளியோர் குடும்பங்களையும் தழைக்கச் செய்தான் என்கிறாள். குற்றம் செய்த பகைவனுக்கும் உயிர்க்கேடு செய்ய விரும்பாதவன் என்கிறாள். தாய்க்குச் செய்யும் பணிவிடையில் ஒருநாளும் தவறாதவன் என்பதையும் வெற்றிகளின் நடுவே எழுதி வைக்கிறாள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒரு குடியை எச்சமின்றி வேரறுத்தவன் என்பதும், பகைவனுக்கும் உயிர்க்கேடு விரும்பாதவன் என்பதும் ஒரே மனிதனைப் பற்றி, ஒரே வாயால், ஒரே கல்லில் சொல்லப்படுகின்றன. நால்வருணக் கலப்பைத் தடுத்தவன், ஒப்பற்ற பிராமணன் என்று அவனைப் போற்றும் அதே பொறிப்பு, குகையைப் பத்ராயணீயப் பிரிவைச் சேர்ந்த பௌத்தத் துறவிகளுக்கு அளிக்கிறது. வெற்றியைப் பாடும் மரபு ஒரு பக்கம் இழுக்க, அந்தப் பெண்ணின் வாழ்வு இன்னொரு பக்கம் இழுப்பதாக எனக்குப் படுகிறது. தன்னைப் பற்றி அவள் சொல்வதைப் பாருங்கள்: வாய்மை, ஈகை, பொறுமை, கொல்லாமை ஆகியவற்றில் மகிழ்பவள்; தவத்திலும் அடக்கத்திலும் நோன்பிலும் தோய்ந்தவள்; அரசமுனிவரின் மனைவி என்ற பெயருக்கு முற்றும் ஒத்து நடப்பவள். வெற்றிக் களிப்பின் மொழி இதில் இல்லை.

பிறகு தன் உறவுநிலையைச் சொல்கிறாள். பேரரசனின் தாய், பேரரசனின் பாட்டி. அவ்வளவே. 24-ஆம் ஆண்டு ஆணையில் இருந்த ஜீவசுதா என்ற சொல் இங்கே இல்லை.

மகனும் பேரனும் ஒரே காலத்தில் சேர்ந்து ஆண்டனர், இதை எழுதும்போது மகன் உயிரோடிருந்தான் என்று வாதிட்ட அறிஞர் முன்பு இருந்தனர். பெரும்பாலோர் ஏற்பது, மகன் இறந்து ஆண்டுகள் பல கடந்தபின் எழுந்தது இந்தப் பொறிப்பு என்பதையே. அப்படிப் படிக்கும்போது அந்த ஒரு சொல்லின் இன்மை பத்து நாடுகளின் பட்டியலைவிடக் கனமாக இருக்கிறது. அவள் எழுதியது வென்ற மகனுக்கான வாழ்த்து மடல் அன்று. வாசிக்க அவன் இல்லாதபோது எழுதிய மடல்.

வெற்றி எவ்வளவு காலம் நிற்கும்?

இன்னொன்றும் உண்டு. அவள் எழுதிய காலத்திலோ அதையடுத்தோ அந்த வெற்றியே கைநழுவத் தொடங்கியிருந்தது. கி.பி. 150 அளவில் எழுதிய தாலமி, பைத்தானில் புலுமாவியையும் உஜ்ஜயினியில் சஷ்டனன் என்ற சக அரசனையும் குறிக்கிறார். உஜ்ஜயினி அவந்தியின் தலைநகரம். அதே 150-ஆம் ஆண்டைச் சேர்ந்தது சஷ்டனனின் பேரன் உருத்திரதாமனின் ஜுனாகட் பாறைப் பொறிப்பு. அதில் அவன் தனக்குரியவை என்று அடுக்கும் நாடுகளில் ஆகரம், அவந்தி, அனூபம், சுராஷ்டிரம், குகுரம், அபராந்தம் ஆகியவை வருகின்றன. பாலஸ்ரீயின் பத்தில் ஆறு. தென்னாட்டு மன்னன் சாதகர்ணியை இருமுறை நேர்நின்று வென்றதாகவும், நெருங்கிய உறவு காரணமாக அவனை அழிக்காமல் விட்டதாகவும் அவன் சொல்கிறான்.

அந்த உறவு என்ன? மும்பையை அடுத்த கான்ஹேரியில் உள்ள ஒரு பொறிப்பு, வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் அரசி கார்த்தமக மரபினள், மகாக்ஷத்திரபன் ஒருவனின் மகள் என்கிறது. அந்தத் தந்தை உருத்திரதாமனே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. சகரை அழித்தவன் என்று பாட்டி கல்லில் எழுதினாள். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குச் சகர் வீட்டுப் பெண்ணே மருமகளாக வந்தாள். வேரறுந்தது க்ஷகராதர் கிளை. வந்தவள் கார்த்தமகர் கிளை. ஆயினும் பகைவரின் இனம் ஒன்றே. ஒரு தலைமுறையின் முற்றான வெற்றி அடுத்த தலைமுறையில் சம்பந்தமாக முடிகிறது. அந்த மணஉறவுதான், உருத்திரதாமன் சொல்படி, தோற்ற சாதகர்ணியின் உயிரைக் காத்தது.

தமிழர்க்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. சாதவாகன அரசர் தம் பெயரோடு தாயின் கோத்திரப் பெயரைச் சேர்த்தே வழங்கினர்: கௌதமி மகன், வாசிஷ்டி மகன். அரசுரிமை ஆண்வழியே சென்றது; ஆகவே இதைத் தாய்வழிச் சமூகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெயரைச் சொன்னாலே தாய் நினைவுக்கு வருவாள். வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் வெள்ளிக் காசு ஒன்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் ஒரு திராவிட மொழியும் உள்ளன. இரா. பன்னீர்செல்வம், இரா. நாகசாமி முதலியோர் அதைத் தமிழ் எனப் படித்தனர். தெலுங்கின் பழைய வடிவம் என்போரும் உண்டு. எம்மொழியாயினும் அதில் 'மகன்' என்ற சொல்லும் 'திரு' என்ற சொல்லும் நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரம் செங்குட்டுவனின் நண்பராகக் குறிக்கும் நூற்றுவர் கன்னர் இந்தச் சாதகர்ணியரே என்பது பலர் ஏற்கும் கருத்து.

அதே காலப்பகுதியை ஒட்டி நம் புறநானூற்றிலும் தாயர் பேசுகிறார்கள். காவற்பெண்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார், பொன்முடியார் ஆகியோர் பாடல்களில் வரும் தாயர் அரசியர் அல்லர், மறக்குடிப் பெண்கள். அவர்களுக்கும் பெயரில்லை, அவர்கள் பெற்ற மக்களுக்கும் பெயரில்லை. அவர்கள் பேச்சு மகனைக் களத்துக்கு அனுப்புவதிலும், களத்தில் கிடந்தவனைத் தேடிக் காண்பதிலும் முடிகிறது. பாலஸ்ரீக்கு அரசு இருந்தது; குகை குடைய ஆள் இருந்தது; பேரன் அரியணையில் இருந்தான். அதனால் அவளால் எழுத முடிந்தது. இந்த வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. ககடி ஊரிலிருந்து போனவர்களின் தாயர் என்ன சொன்னார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லாது.

நாங்கள் வாழும் இந்த நகரத்தின் கதையும் அதுவே. பெங்களூர் என்ற பெயர் முதன்முதலில் காணப்படும் கல், வைட்ஃபீல்டிலிருந்து இரண்டு மணி நேர நெரிசலுக்கு அப்பால், பேகூர் நாகநாதேசுவரர் கோயிலில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னட நடுகல் அது. பெங்களூர்ப் போரில் மாண்டவர்களுக்காக எழுந்தது. ஊரின் பெயர் நமக்குக் கிடைத்ததே ஒரு சாவுக் குறிப்பிலிருந்துதான். அந்தக் கல்லில் தாயின் குரல் இல்லை.

இவற்றையெல்லாம் எதிர்வீட்டு அம்மையாரிடம் இத்தனை விரிவாகச் சொல்லவில்லை. மூன்று பொறிப்புகளைச் சொன்னேன்; ஜீவசுதா என்ற சொல்லின் பொருளைச் சொன்னேன். திரைப்படத்தைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "கடைசிக் கல்வெட்டில் அந்தச் சொல் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகன் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான், அதுவரை இதை நினைக்கக்கூடாது என்று சொல்லி உள்ளே போனார். படிப்பு தந்த உற்சாகத்தில், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று எண்ணாமல் சொல்லிவிட்டேனே என்று எனக்கு வருத்தமாயிற்று.

ஆனால் ஞாயிறு மாலை அவரே வந்து கதவைத் தட்டினார். மகன் பேசினான், நலம் என்றார். வாட்ஸாப் குழுவில் வந்த மடலைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டதாகவும், அந்த ஒரு சொல்லை மட்டும் தெலுங்கில் எழுதித் தரும்படியும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புனைந்த மடல்கள் உருக்கமாக இருக்கலாம். அவற்றைப் புனைவு என்றே பகிருங்கள். அவற்றை வரலாறு என்று பகிரும்போது, அந்தத் தாய் உண்மையில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் மறைந்துபோகின்றன. புனைந்த மடலில் பாலஸ்ரீ வெற்றியைக் கொண்டாடுகிறாள். கல்லில் எழுதிய பாலஸ்ரீயோ தரிசு நிலத்துக்கு மாற்று நிலம் தருகிறாள். பகைவனுக்கும் தீங்கு எண்ணாதவன் என்று மகனை நினைவுகூர்கிறாள். துறவிகளுக்கு ஒரு குகையைக் கொடுத்துவிட்டு அமைகிறாள். நாசிக் செல்வோர் மூன்றாம் குகையின் முகமண்டபத்தில் சற்று நின்று அந்தச் சுவரைப் பாருங்கள். எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.